மாப்பிள்ளைக்கு விழாத ஏச்சு

நரைக்கு மருதாணி அரைக்கிற வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு யாராவது ஏசிப் பார்த்திருக்கிறீர்களா? மனைவி ஏசுவதைச் சொல்லவில்லை, அது கணக்கில் வராது. மாமியார் ஏசி, மாமனார் ஏசி, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்து வயிறெரிந்தும் இருக்கிறேன். நியாயம் பேச நான் வரவில்லை, அந்த வயிற்றெரிச்சலைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

அப்போது எங்கள் வீடு பலாபத்வலயில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. யாழ்ப்பாணத்து பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கிய காலம். வாப்பா கராம்பும் மிளகும் வாங்கிக் காயவைத்து மாத்தளை டவுன் முதலாளிமாருக்குக் கொடுப்பார். கராம்புக் காலத்தில் எங்கள் முற்றத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பாய்க்குப் பாய் பச்சையும் சிவப்புமாக விரித்துக் கிடக்கும், இரண்டு வெயில் பட்டால் கறுத்துவிடும். அந்தக் காரமான வாசம் எங்கள் சட்டை, தலையணை, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். வகுப்பில் என்னைக் 'கராம்பு' என்றே கூப்பிட்டவர்கள் உங்களில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். நான் மறக்கவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் ராத்தா, இளையவள் நான். இடையில் பெரிய வயது வித்தியாசம் இருந்ததால் ராத்தா எனக்குப் பாதி உம்மா. தலை இழுத்துப் பின்னிவிடுவது அவள், மீனில் முள் எடுத்துத் தருவது அவள், ஒரே கட்டிலில் என் காலுக்கு மேல் கால் போட்டுப் படுப்பவளும் அவள். கால் கனக்கிறது என்று தினமும் சண்டை பிடிப்பேன். அந்தக் கனம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் முடிந்து பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே ராத்தாவுக்குப் பேச்சு வந்தபோது நான் கொஞ்சமும் கவலைப்படவில்லை. ராத்தா எங்கே போகப்போகிறாள்? வருகிற மனுஷன் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கல்யாணத்தன்று மத்தியானமே என் தலையணை உம்மாவின் கட்டிலுக்குப் போய்விட்டது. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அன்றைக்குப் பற்றிய நெருப்பு இது.

மச்சான் இரத்தோட்டைக்காரர். கத்தாரில் கடைகளுக்கு போர்டு அடிக்கிற ஓர் இடத்தில் வேலை செய்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். டவுனில் சின்னதாக ஒரு கடை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், மெதுவான பேச்சு. என்னைக்கூட 'வாங்க, இருங்க' என்றுதான் பேசுவார். கத்தாரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெட்டியைத் திறக்கும்போது வீடே சுற்றி நின்றது. உடுப்பு, சென்ட் போத்தல், உம்மாவுக்கு ஒரு போர்வை, எனக்கு ஒரு டப்பா சொக்லட். அடியில் துணி சுற்றி ஒரு வெள்ளை விமானம் துண்டு துண்டாகக் கிடந்தது. கூடவே தரையில் நின்றபடி அதை ஓட்டுவதற்கு நீளமான கம்பி வைத்த ஒரு ரேடியோப் பெட்டியும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு உருளையும் இருந்தன.

"மாப்பிள்ள புள்ள பொறக்க முன்னுக்கே விளையாட்டுச் சாமான் கொண்டு வந்தீக்கிறாரே" என்றார் உம்மாவின் தம்பியான மாமா. எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அது கேலி என்று அவருக்கு விளங்கியதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த வெள்ளை விமானம் ஒரே ஒரு நாள்தான் உயிரோடு இருந்தது. பல்லேபொலப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் அதைப் பறக்கவிட்டார். மேலே போன வேகத்தில் கீழே வந்து, வரப்பில் மோதி, பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. எனக்கு அன்றைக்கு நல்ல பசி எடுத்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பீங்கான் சோறு சாப்பிட்டேன்.

என் சந்தோஷம் நீடிக்கவில்லை. மறுநாளே மச்சான் சந்தியில் மீன் விற்கிறவரிடம் போய் ஒரு ரிஜிஃபோம் பெட்டி கேட்டு வாங்கி வந்தார். ஐஸ் போட்டு மீன் வருகிற அந்த வெள்ளைப் பெட்டிதான். அதன் ஒரு பக்கத்தில் நீல நிறத்தில் பெரிய மீன் படம் அச்சடித்திருந்தது. ஹோலில் பாயை விரித்து உட்கார்ந்து, பிளேடால் அதைச் சீவிச் சீவி இறக்கை செய்தார். மீன் படம் சரியாக இடது இறக்கையின் முதுகில் வந்து உட்கார்ந்தது.

"இதுவும் உடையும்தானே?" என்று நான் ஆசையோடு கேட்டேன்.

"இத உடைய விடமாட்டோம் தங்கச்சி. இதுக்குச் சட்ட போடுவோம்" என்று அந்தப் பிளாஸ்டிக் உருளையைக் காட்டினார். "அயன் பெட்டி எங்க ஈக்கி?"

எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி அப்போது என் பொறுப்பில் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அது ராத்தாவின் வேலை. புருஷன் வந்ததும் என்னிடம் தள்ளிவிட்டாள். பள்ளிக்கூட வெள்ளை உடுப்பும், வாப்பா வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போடும் வெள்ளை ஜுப்பாவும் நான்தான் தேய்க்கவேண்டும். ராத்தாவையும் எடுத்துக்கொண்டு, அவளுடைய வேலையை எனக்குத் தந்த மனுஷன், இப்போது அந்தப் பெட்டியையும் கேட்கிறார். நான் முகத்தை நீட்டிக்கொண்டுதான் கொண்டுபோய் வைத்தேன்.

ஆனால் கூட்டாளிமாரே, அந்த வேலை அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்தத் தாளுக்கு இரண்டு முகம். ஒன்று பளபளப்பு, மற்றது மங்கல். மங்கலான முகத்தில்தான் பசை இருக்கிறது, ஆனால் கையால் தொட்டால் ஒட்டாது, சூடு பட்டால்தான் ஒட்டும். மங்கல் பக்கம் ரிஜிஃபோமில் படும்படி விரித்து, பெட்டியை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளவேண்டும். சூடு கூடினால் ரிஜிஃபோம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும். குறைந்தால் தாள் ஒட்டாமல் காற்றுக் குமிழி நிற்கும். குமிழியை ஊசியால் குத்தி மேலே பெட்டியை வைத்தால் 'இஸ்' என்று அடங்கிவிடும். தொட்டால் உதிர்கிற அந்த வெள்ளைச் சாமான், தாள் போட்டதும் வழவழப்பாகி, விரலால் தட்டினால் டங்கென்று கேட்கும். மச்சான் தேய்ப்பார், நான் தாளை இழுத்துப் பிடிப்பேன். அவருக்குத் துணியில் பழகிய கை இல்லை. ஓரங்களை மடித்துத் தேய்ப்பதை என்னிடமே விட்டுவிட்டார்.

"ஒரு பக்கம் மட்டும் ஒட்டிட்டு விட்டுறக் கூடாது தங்கச்சி" என்பார். "சூடு பட்டா தாள் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் சுருங்கினா இறக்கையே வளைஞ்சிரும். மேல கொஞ்சம், கீழ கொஞ்சம், மாத்தி மாத்திச் சூடு காட்டணும்."

எல்லாம் நன்றாகத்தான் நடந்திருக்கும், ராத்தா வந்து உட்காராமல் இருந்திருந்தால். அவள் தேத்தண்ணியோடு வருவாள், பக்கத்தில் உட்காருவாள், "நானும் புடிக்கிறன்" என்று தாளின் மற்ற முனையைப் பிடிப்பாள். உடனே மச்சானுக்கு நான் அங்கே இருப்பது மறந்துவிடும். இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரிப்பார்கள். ஒரு ரிஜிஃபோம் துண்டைப் பார்த்து அப்படி என்ன சிரிப்பு? ராத்தாவைப் பார்த்து எரிவதா, மச்சானைப் பார்த்து எரிவதா என்று தெரியாமல் நான் இரண்டு பக்கமும் எரிந்தேன். என் ராத்தாவை அவர் எடுத்துக்கொண்டார். என் தாளை அவள் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு எரிச்சலும் இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் மருமகன் உடைத்தால் குடமே உடையவில்லை. நெஞ்சுப் பக்கத்து இறைச்சி அவருக்கு. பூப்போட்ட கோப்பை அவருக்கு. ஒரே ஃபேன் அவர் அறைக்கு. அவர் என்ன செய்தாலும் "பரவால்ல மகன், பரவால்ல" என்று உம்மா சிரிப்பார். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போவார். அங்கே நிற்கிற ராத்தாவுக்கு விழும் ஏச்சு. வந்த மாப்பிள்ளைக்கு ஏசினால் அவர் கோபித்துக்கொண்டு தன் ஊருக்குப் போய்விடுவார், ஊர் சிரிக்கும், பெண்ணின் வாழ்க்கை நாசமாகும். ஆகவே மாப்பிள்ளை செய்த பிழைக்கெல்லாம் மகள்தான் ஏச்சு வாங்கவேண்டும். இதுதான் சட்டம்.

ரிஜிஃபோம் சீவும்போது வெள்ளை மணிகள் உதிரும். காற்றில் பறந்து அவை முற்றத்துக் கராம்புக்குள் விழுந்திருக்கின்றன, யாரும் கவனிக்கவில்லை. டவுன் முதலாளி சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டிக் கேட்டாராம், "எனத்துக்கு ஹாஜியார் கராம்புல அவல் கலந்தீக்கிறீங்க?" என்று. வாப்பா அப்படி முகம் கறுத்து வீட்டுக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. ஹோலில் மச்சான் அந்த மணிகளின் நடுவில் உட்கார்ந்து வாலுக்குத் தாள் வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று ஸலாம் சொன்னார். வாப்பாவும் பதில் ஸலாம் சொல்லி, "வேல நடக்குதா மகன்?" என்று கேட்டுவிட்டு நேரே குசினிக்குப் போனார்.

"எனத்தடி செய்ற நீ? ஹோலக் கூட்டத் தெரியாதா ஒனக்கு? என்ட யாவாரத்துக்கு மண் அள்ளிப் போடுறியா?"

ராத்தா மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். ஹோலில் மச்சான் ஏதோ பைத் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தாள் வெட்டினார். அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபம் ராத்தாவுக்காக என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். உண்மையில், ஏச்சு இல்லாமல் ஒரு மனுஷன் எங்கள் வீட்டில் இருக்க முடிகிறதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பிறந்த வீட்டில் எனக்கு அந்தச் சலுகை ஒரு நாளும் கிடைத்ததில்லை.

பிறகு மீன் வாசம் வந்தது. மீன் பெட்டி என்னதான் கழுவினாலும் மீன் பெட்டிதானே? இஸ்திரிப் பெட்டி சூடு பட்டபோதெல்லாம் இறக்கைக்குள்ளிருந்து அறுக்குளா மீன் வாசம் எழும்பியது. ஊர்ப் பூனைகள் எங்கள் ஜன்னலில் வந்து உட்கார்ந்தன. விருந்தாளிகள் வந்து மூக்கைச் சுளித்தார்கள். "மகள் வீட்டச் சுத்தமா வெச்சிக்கிறல்ல போல" என்று ஒரு மாமி சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் ராத்தாவுக்குத்தான் ஏச்சு.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வலது இறக்கையின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேரவில்லை. என் இடத்தில் ராத்தா உட்கார்ந்து தாள் பிடித்திருக்கிறாள். சிரிப்பும் பேச்சுமாக ஒரு துண்டைத் தலைகீழாக விரித்துவிட்டாள். மங்கல் பக்கம் மேலே வந்துவிட்டது. மச்சானும் கவனிக்காமல் பெட்டியை வைத்தார், பசை முழுக்கப் பெட்டியின் அடியில் பிடித்துக்கொண்டது. நான் வாசலில் வந்தபோது இரண்டு பேரும் பெட்டியைத் துணியால் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆறினால் கண்ணுக்குத் தெரியாத பசை அது. அடிப்பக்கம் மட்டும் முடிந்த இறக்கையை அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். மேல்பக்கத்தை ஜும்ஆ முடிந்து வந்து ஒட்டலாம் என்றார் மச்சான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்டு வந்து, நான் வாப்பாவின் ஜுப்பாவை விரித்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை நல்ல சூட்டில் நெஞ்சுப் பக்கத்தில் வைத்தேன். இழுத்தால் வரவில்லை. பெட்டியோடு சேர்ந்து துணியும் எழும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், வெள்ளை ஜுப்பாவின் நெஞ்சில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு பெரிய பட்டை, அதன் நடுவில் இரண்டு வெள்ளை மணிகள்.

வாப்பா பெனியனும் சாரமுமாக வந்து நின்றார். பள்ளிவாசலில் பாங்கு சொல்ல நேரம் நெருங்கியிருந்தது. உம்மா ஓடி வந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு வாப்பா ராத்தாவைக் கூப்பிட்டார். மச்சான் அறைக்குள் இருக்கிறார் என்பதால் சத்தம் போடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஏசினார். சத்தம் போட்டு ஏசுவதைவிட அது மோசம். ராத்தாவின் கண்ணிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது, ஆனால் அவள் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. துடைத்தால் கண் சிவக்கும், மாப்பிள்ளை பார்த்துவிடுவார் என்பதற்காக.

அப்போது அறைக் கதவு திறந்தது. மச்சான் தொப்பி போட்டு, அத்தர் பூசி, பளிச்சென்று வெளியே வந்தார். "போவோமா மாமா?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

வாப்பா சிரித்தார். உம்மா சிரித்தார். ராத்தாவும் சிரித்தாள். அந்த மூன்று சிரிப்பையும் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"மச்சான், ஒங்களுக்கு இந்த ஊட்டுல யாருமே ஏசுறல்ல" என்று கத்தினேன். "நீங்க செய்ற எல்லாத்துக்கும் ராத்தாக்குத்தான் ஏச்சு. கராம்புல மணி விழுந்ததுக்கும் அவளுக்குத்தான், மீன் மணத்துக்கும் அவளுக்குத்தான். இந்தா, வாப்பாட ஜுப்பாவப் பாருங்க. இதுக்கும் அவளுக்குத்தான். நீங்க சொகமா இறைச்சி தின்னுங்க!"

உம்மாவின் கை என் வாயில் அறைந்து மூடியது. வளையல் பல்லில் பட்டு இரத்தம் ருசித்தது. மச்சான் ஜுப்பாவைப் பார்த்தார், ராத்தாவின் முகத்தைப் பார்த்தார். அவர் காது மடல் இரண்டும் சிவந்தன. "சின்னப் புள்ளட பேச்சு மகன், கணக்கெடுக்க வாணாம்" என்று வாப்பா பழைய ஜுப்பா ஒன்றை மாட்டிக்கொண்டு அவரைக் கூட்டிப் போனார்.

ஜும்ஆ முடிந்து வாப்பா மட்டும் வந்தார். மாப்பிள்ளை பள்ளியிலிருந்து நேரே இரத்தோட்டை பஸ் ஏறிவிட்டார் என்றார். உம்மா ஆக்கிய நெய்ச்சோறும் இறைச்சியும் மூடியபடி மேசையில் இருந்தன. அதை யாரும் திறக்கவில்லை.

நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. ராத்தா மறுபடி எங்கள் பழைய கட்டிலில் என்னோடு படுத்தாள். ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், காலைப் போடவில்லை. நானே அவள் காலைத் தூக்கி என் மேல் வைத்துப் பார்த்தேன். அது வழுகிப் போய்விட்டது. காலையில் தலை பின்னிவிட்டாள், நெற்றித் தோல் இழுபடும்படி இறுக்கிப் பின்னினாள். ஏசவில்லை. ஏசினாலாவது தேவலை என்றிருந்தது. இருந்தபோது பாதி ராத்தாவை எடுத்துக்கொண்ட மனுஷன், போகும்போது முழு ராத்தாவையும் கொண்டுபோய்விட்டார். அவர் இல்லாதபோதும் எனக்கு அவர் மேல் பொறாமை தீரவில்லை.

அலுமாரிக்கு மேலே இருந்த இறக்கை ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டியபடி கிடந்து, வெயில் சூட்டில் அகப்பை மாதிரி வளைந்துவிட்டது. நான் கதிரை போட்டு ஏறி அதை எடுத்துப் பார்த்தேன். நேராக்கப் பார்த்தால் உடையும் போலிருந்தது, அப்படியே வைத்துவிட்டேன்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. விளையாட்டுச் சாமான் என்று கேலி செய்த மாமாதான் முதல் ஆளாக, "போய் மாப்பு கேட்டுக் கூட்டிட்டு வருவம்" என்றார். உம்மா விடிய எழும்பி வட்டிலப்பம் அவித்தார். வாழைக்குலை ஒன்று வெட்டினார்கள். திரீவீல் வந்து வாசலில் நின்றது. வாப்பா, மாமா, வட்டிலப்பச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உம்மா, மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் மாப்பு கேட்கவேண்டும் என்று என்னையும் மாமாவின் பக்கத்தில் திணித்தார்கள். நான் கேட்பதாக இல்லை. வாயைத் திறக்காமல் இருந்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

திரீவீல் கிளம்புவதற்கு முன் ரோட்டுப் பக்கமிருந்து மச்சான் நடந்து வந்தார். கையில் ஒரு பை. எல்லாரும் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "எங்க போறீங்க மாமி?" என்றார். வட்டிலப்பத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

பையைத் திறந்து ஒரு இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். பழையது, கைபிடியில் துணி சுற்றியிருந்தது. இரத்தோட்டை வீட்டில் கிடந்ததாம். "இது என்ட வேலைக்கு. வீட்டு அயனத் தொடமாட்டேன்" என்றார். அதை எடுத்து வரத்தான் போயிருக்கிறார். வெட்கத்தில் இரண்டு நாள் அங்கேயே இருந்துவிட்டாராம். கோபமாவது ஒன்றாவது. சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்பதுகூடத் தெரியாத மனுஷன்.

பிறகு திரீவீலின் பக்கத்தில் நின்றுகொண்டே உம்மாவிடம் சொன்னார். "மாமி, எனக்கு உம்மா இல்ல. ஒங்களுக்குத் தெரியும்தானே. பெரியம்மா வீட்டுலதான் வளர்ந்தேன். உம்மா இல்லாத புள்ளைக்கு யாரும் ஏசுறல்ல, பாவம்னு விட்டுருவாங்க. எனக்கு எது பிழைன்னு யாரும் சொன்னதில்ல. ஒரு பக்கம் மட்டும் சூடு காட்டினா இறக்க வளைஞ்சிரும் மாமி. அவளுக்கு மட்டும் ஏசாதீங்க. எனக்கும் ஏசுங்க."

மாமா கனைத்தார். வாப்பா மேலே பலாமரத்தைப் பார்த்தார். உம்மா மடியிலிருந்த வட்டிலப்பச் சட்டியின் மூடியைத் திறந்து மூடினார். முழு ஊருக்கும் ஏசுகிற உம்மாவுக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை.

"ஏசுங்க மாமி."

"ஏன் மகன்..." என்று உம்மா தொடங்கினார். "ஏன் மகன் நீங்க... போறதுன்னா... ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போனா எனத்த? நாங்க சாப்பிடல்லயே மகன். நெய்ச்சோறு அப்பிடியே கெட்டுப் பொயித்தே!"

சொல்லச் சொல்ல உம்மாவின் குரல் எழும்பியது. கடைசியில் அது ஏச்சுத்தான், சரியான ஏச்சு. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது பாருங்கள், பெருநாள் காசு வாங்கிய பிள்ளை மாதிரி. ராத்தா வாசல் நிலையில் சாய்ந்து நின்று, முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதாள். என்னை யாரும் மாப்பு கேட்கச் சொல்லவில்லை. நான் அங்கே இருப்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சாமான் உம்மாவின் ஏச்சு. அதையும் இவர் கேட்டு வாங்கிக்கொண்டாரே என்று அந்தத் திரீவீலுக்குள் உட்கார்ந்து நான் பொருமினேன்.

வளைந்த இறக்கையை மச்சான் எறியவில்லை. மேல்பக்கத்துக்குத் தாள் விரித்து, அந்தப் பழைய பெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்ட, அது மெல்ல மெல்ல நேராகி வந்தது. ஓரம் மடித்தது நான்தான். அறுவடை வயலில் அது பறந்தது. ரேடியோப் பெட்டியை ராத்தாவின் கையில் கொடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை. ராத்தா அதைத் தென்னை மரத்தில் கொண்டுபோய் மோதினாள். நான் சேற்றில் ஓடிப்போய் எடுத்தேன். உடையவில்லை. தாள் அதை அப்படியே கட்டிப் பிடித்து வைத்திருந்தது, மீன் படத்தின் வாலில் ஒரு கீறல் மட்டும். பல்லேபொலப் பிள்ளைகள் 'மாளு பிளேன்', அதாவது மீன் பிளேன், என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்கள். பிறகு பல வருஷம் அது அலுமாரிக்கு மேலே இருந்தது. எனக்குத் தருவார் என்று நினைத்திருந்தேன். அவருடைய மகன் வளர்ந்ததும் அவனுக்குக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் டவுனில் வீடு கட்டிப் போய்விட்டார்கள். பலாபத்வல வீடு இளையவள் என்று எனக்கு வந்தது, உம்மாவும் என்னோடு இருந்தார். வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு உம்மாவுக்கு ஞாபகம் ஒவ்வொன்றாக விட்டுப்போகத் தொடங்கியது. கடைசியில் படுக்கையில் விழுந்தார். குளிப்பாட்டியது நான், ஊட்டியது நான், அசிங்கம் எடுத்தது நான்.

அப்படி ஒரு பின்னேரம் மச்சானும் ராத்தாவும் பார்க்க வந்தார்கள். மச்சான் இப்போது தாடி நரைத்த மனுஷன், தொந்தி வேறு. அவர் உள்ளே கால் வைத்ததும் உம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"டேய், எங்கடா போன நீ? அந்த வெள்ளக் குப்பையக் கூட்டினியா இல்லயா? கராம்புக்குள்ள விழுது பாரு. எத்தின தரம்டா சொல்ற ஒனக்கு!"

அத்தனை வருஷமும் 'நீங்க' என்று ஏசிய உம்மா. மச்சான் தலையைக் குனிந்தார். "இந்தா கூட்டுறேன் மாமி" என்று மூலையிலிருந்த தும்புத்தடியை எடுத்து, ஒரு தூசியும் இல்லாத தரையைக் கூட்டத் தொடங்கினார். ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள்.

நான் உம்மாவின் தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நழுவியிருந்த முக்காட்டைச் சரிசெய்தார். விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"நீங்க எந்த ஊரு மகள்? எங்கட மாப்பிள்ள கொஞ்சம் அப்பிடித்தான், பிழையா எடுக்க வாணாம். இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சொல்கிறேன் கேளுங்கள், அந்த நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. சின்ன வயதில் எரிந்ததைவிடக் கூட எரிந்தது. கையிலிருந்த கோப்பையைச் சாய்த்து மிச்சத் தண்ணீர் முழுவதையும் தரையில் ஊற்றினேன். வேண்டுமென்றுதான் ஊற்றினேன். ஊற்றிவிட்டு உம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பரவால்ல மகள், பரவால்ல" என்றார் உம்மா. "நீங்க விடுங்க. எங்கட மகள் வந்து தொடைப்பா."

எந்த மகள் என்று நான் கேட்கவில்லை. துணியை எடுத்து வந்து துடைத்தேன்.